அடிக்கு முன்னால் ஒரு மருந்து

"அறுவை பண்றப்ப ரத்தத்தை நிறுத்தி வெச்சா ஈரல் செத்துடாதா?"

"கொஞ்ச நேரம் தாங்கும். திரும்ப ரத்தம் பாயும்போதுதான் பெரிய அடி."

"இதென்ன கூத்து? பட்டினி போட்டப்ப சும்மா இருந்துட்டு, சோறு போட்டா சண்டைக்கு வருதா?"

"அதான் முன்னாடியே மருந்து குடுக்கறோம். ஈரல் உஷாராயிடும். அப்புறம் வர்ற அடி அவ்வளவா உறைக்காது."

போன வாரம் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி கணவன் கேட்டதும், அவள் சொன்னதும். இப்போது ஆய்வுக்கூடத்தில், அதே மருந்தை எலிக்கு ஏற்றப் போகும்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

எலி அவள் உள்ளங்கையில் சாதுவாக உட்கார்ந்திருந்தது. அறுவைக்குப் பல நாள் முன்பிருந்தே எடுத்துத் தடவிக்கொடுத்துப் பழக்கிவிடுவார்கள். பழகிய எலி ஊசிக்குத் திமிறாது. இந்த வேலையில் அவளுக்கு நல்ல பெயர். "உன் கைக்கு வந்தா எதுவும் முரண்டு பண்ணாதும்மா" என்பார் பக்கத்து மேசைக்காரர்.

அவளுடைய அண்ணனுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. யாராவது தங்கள் ஈரலில் ஒரு பாகம் தந்தால் பிழைப்பார். அவளுடைய ரத்தப் பிரிவு சேரவில்லை. அண்ணிக்குச் சர்க்கரை. சேருவது கணவனுடையதுதான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன்; கொடுத்தால் பல மாதம் கனம் தூக்க முடியாது.

அவள் கேட்கவில்லை. வெட்டிய ஈரல் மறுபடி வளரும் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். தம்பிக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிய ஒரு ஓட்டுநரைப் பற்றி இன்னொரு நாள். மருந்துக் கதையும் அந்த வரிசையில்தான். அவனாகவே 'நான் தர்றேன்' என்று சொல்லிவிட்டால் அவள் கேட்டதாக ஆகாதல்லவா?

எலியின் முதுகை வருடிக்கொண்டிருந்த விரல் நின்றது. கட்டினவரையும் இப்படித்தானே பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியதும் அவளுக்கு உடம்பே கூசிப்போனது.

வீட்டுக்குப் போனபோது அவன் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"வாங்க, ஈரல் டாக்டர். இன்னிக்கு என்ன பாடம்?"

"பாடம் இல்ல."

"அப்பாடா. கனவுலகூட ஈரல்தான் வருது எனக்கு." குழாயை மூடினான். "மச்சான் எப்படி இருக்காரு?"

"கண்ணு இன்னும் மஞ்சளாதான் இருக்கு."

அவன் துண்டில் கையைத் துடைத்தான். வழக்கமாக இந்த இடத்தில் அவள் ஒரு கதையை எடுத்துவிடுவாள். இன்று எடுக்கவில்லை.

"ஏங்க, நான் உங்களைச் சுத்திச் சுத்தி வந்துட்டு இருக்கேன்."

"தெரியுது."

"நல்லதை மட்டும் சொன்னேன். அறுவையில உங்க உயிருக்கே ஆபத்து வரலாம். அதைச் சொல்லாம மறைச்சுட்டேன்."

அவன் நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"முடியாதுன்னு நீங்க சொன்னா எனக்கு ஒரு வருத்தமும்... இல்ல, வருத்தம் இருக்கும். ஆனா உங்க மேல கோபம் வராது." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "எங்க அண்ணனுக்கு உங்க ஈரல்ல ஒரு பாகம் குடுப்பீங்களாங்க?"