சாட்சியில் வராத பெயர்

புதுச்சேரி உழவர்கரைச் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்திவந்த அம்மா, சென்னைக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். மைக் அனாதையாகக் கிடந்தது. "ஜெப வரம் யாருக்கு இருக்குன்னு ஆண்டவரே காட்டுவார்" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

ஆண்டவருக்கு அதிகம் சிரமம் வைக்கக் கூடாது என்று ஜெயம் நினைத்தாள். பல வருஷமாகப் பிள்ளையில்லாத சிந்துஜாவின் தலையில் கை வைத்து, தொண்டை கட்டும்வரை ஜெபித்தவள் அவள்தான். இப்போது சிந்துஜாவுக்குப் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லப்போகிறாள்.

இடைஞ்சல் ஒன்றுதான்: மதலேன். ஜெயத்துக்குப் பிறகு அவளும் அதே தலையில் கை வைத்திருந்தாள். 'நான் கொதிக்கவைத்த குழம்பில் கொத்தமல்லி தூவிவிட்டுக் குழம்பே தன்னுது என்பாளே' என்று ஜெயத்துக்கு வயிறு எரிந்தது. மதலேனுக்குப் புருஷனின் பிரெஞ்சுப் பென்ஷன் வருகிறது. மகள் பாரீசிலிருந்து சென்ட் அனுப்புகிறாள். அவள் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொன்னால் நான்கு வரிசைக்கு மணக்கும். அந்த வாசனைக்கு ஆண்டவரே மயங்கிவிடுவாரோ என்பது ஜெயத்தின் நெடுநாள் சந்தேகம்.

சனிக்கிழமை குழந்தைக்கு ஒரு குல்லாவோடு போனாள்.

"நாளைக்கு சாட்சில என் பேரைச் சொல்லிடாத சிந்துஜா. மகிமையெல்லாம் அவருக்கே. இந்த ஜெயம் யாரும்மா? வெறும் பாத்திரம்" என்றாள், 'ஜெயம்' என்பதை நன்றாக அழுத்தி.

"மதலேன் அக்காவும் காலையில வந்து இதையேதான் சொன்னாங்க" என்று சிரித்தாள் சிந்துஜா.

தாழ்மையில்கூட முந்திக்கொண்டாளே! தொட்டிலில் பிரான்ஸ் சட்டை மடிப்புக் கலையாமல் கிடந்தது. ஜெயம் குல்லாவைத் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா குழந்தையோடு மைக் முன் நின்றாள். "எனக்காக ரெண்டு அக்காங்க ஜெபிச்சாங்க. பேரைச் சொல்லக் கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிட்டாங்க. அதனால சொல்லல. எல்லாம் கர்த்தர் செஞ்சது."

அவ்வளவுதான். சபை 'அல்லேலூயா' என்று அதிர்ந்தது. ஜெயத்தின் அல்லேலூயா எல்லோருக்கும் கடைசியாக வந்தது.

பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பேரே வேணாம்னவங்க கையில மைக்கைக் குடுத்து சங்கடப்படுத்தக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜெபத்தை இனிமே சிந்துஜா சிஸ்டர் நடத்தட்டும்."

வாசலில் செருப்புக் குவியலருகே மதலேன் நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த சென்ட் ஜெயத்துக்குக் குமட்டவில்லை.

"பாத்தியா ஜெயம்? மகிமை அத்தனையையும் தூக்கி அவருக்கே குடுத்துட்டா!"

"சொல்லாதன்னா, சொல்லாமலே வுட்டுடுவாளாக்கா? என்ன வளப்போ!"

மதலேன் ஆட்டோவில் நகர்ந்து இடம் கொடுத்தாள். "அவளுக்காக நாம ஜெபிக்கணும்."

"என்னன்னுக்கா?"

"தாழ்மை வேணும்னு."

"மொதல்ல நான் ஜெபிக்கிறேன்" என்றாள் ஜெயம்.