சவப்பெட்டிக் கடை மாடியில் ஒரு மாணவி

என் கணவர் ஜெரார்தோ எங்கள் ஊரான மோந்தெலாவ்ரோவில் சாவு காரியங்களை எடுத்து நடத்துகிறவர். அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்தார். கீழே சவப்பெட்டிக் கடை, மேலே வீடு. தெருவில் அவரைப் பார்க்கிறவர்கள் மரியாதையாக வணக்கம் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே பையில் இருக்கும் சாவியைத் தொட்டுக்கொள்வார்கள். இரும்பைத் தொட்டால் சாவு ஒதுங்கிப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஜெரார்தோவுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. சாவி கொண்டுவராத ஒருவருக்கு ஒருமுறை தன் சாவியையே நீட்டினார்.

ஊர்ச் சேவைச் சங்கத்தில் அவர் உறுப்பினர். சவப்பெட்டி ஏற்றும் நீளமான வண்டி வைத்திருப்பவர் ஊரில் அவர் ஒருவர்தான் என்பதால் சேர்த்துக்கொண்டார்கள். ரத்ததான முகாமுக்கு நாற்காலிகளை அதில்தான் ஏற்றிப் போனார். அந்த வருஷம் எல்லோரும் நின்றுகொண்டே தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சங்கம் பழைய மூக்குக்கண்ணாடிகளைச் சேகரித்து அனுப்பும். கிறிஸ்துமஸுக்கு முதியோர் இல்லத்தில் கேக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும். சதுக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறது. எந்தச் சேவையும் விருந்தில்தான் முடியும். சில சேவைகளுக்கு விருந்து மட்டுமே நடந்தது.

வருஷத்துக்கு ஒரு பள்ளி மாணவரையோ மாணவியையோ வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும் சங்கத்தின் வேலை. அந்தப் பிள்ளை உறுப்பினர் வீடுகளில் மாறி மாறித் தங்கும். எங்களை யாரும் கேட்டதில்லை. எங்கள் மகன் தூரின் நகரத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து ஓர் அறை சும்மாதான் கிடந்தது. சங்கத் தலைவர், பல் மருத்துவர் லோபியாங்கோவிடம் நானே ஒருமுறை கேட்டேன்.

"உங்க வீட்டு மாடிப்படி ரொம்பச் செங்குத்து, எஞ்சா," என்றார் அவர். "புள்ள விழுந்துகிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

அந்த வருஷம் ஃபின்லாந்திலிருந்து ஒரு பெண் வந்தாள். நோட்டரி வீட்டில் தங்கினாள். நவம்பரில் நோட்டரி வீட்டுச் சமையலறைக் குழாய் வெடித்து மூன்று அறைகள் நாசமாயின. அடுத்ததாக அவளை வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் வீட்டுக்கு மாமியார் வந்திருந்தார். மற்றவர்களுக்கும் ஏதேதோ வந்திருந்தது. லோபியாங்கோ எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

"கொஞ்ச நாளைக்குத்தான்," என்றார்.

"மாடிப்படி?" என்றேன்.

"கைப்பிடி இருக்குல்ல?" என்றார்.

பெயர் ஹில்லா. எங்கள் ஊரில் அந்த முதல் எழுத்து யார் வாயிலும் வராது. 'இல்லா' என்றுதான் கூப்பிட்டோம். அவளும் திரும்பிப் பார்த்தாள். பதினேழு வயது, ஜெரார்தோவைவிட ஒரு சாண் உயரம், வெளுத்த முகம். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் சொல்லமாட்டாள். எங்கள் மொழியைத் திருத்தமாகவே கற்றிருந்தாள், நேருக்கு நேர் பேசும்போது மரியாதைப் பன்மையை மட்டும் விட்டுவிட்டாள். அவள் நாட்டில் எல்லோரும் 'நீ'தானாம். பாதிரியார் தோன் மிமியை 'நீ' என்றாள். மறைமாவட்டத்திலிருந்து ஆயர் வந்திருந்தபோது அவரிடமும், "நீ வெயிலா பாத்து உக்காரு, இங்க குளிரும்," என்றாள். ஆயர் இடம் மாறி உட்கார்ந்தார்.

கடையைத் தாண்டித்தான் மாடிக்குப் போகவேண்டும். கடைக்குப் பக்கத்துக் கூடத்தில், வீட்டில் இடமில்லாதவர்கள் உடலை வைத்து அஞ்சலி செலுத்துவார்கள். முதல் நாள் ஹில்லா பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவற்றில் ஒன்றின் ஓரத்தைத் தடவினாள்.

"இது பைன் மரம்," என்றாள்.

"ஆமா, மலிவு. சீக்கிரம் மக்கிப் போயிடும்," என்றார் ஜெரார்தோ.

"எங்க வீட்டுக் கட்டிலும் இதுலதான்."

ஜெரார்தோ என்னைப் பார்த்தார். நான் சூப்பைப் பார்க்க மேலே போனேன்.

அவள் வந்த இரண்டாவது வாரம் மாவு மில் முதலாளி இறந்துபோனார். மதியம் ஹில்லா பள்ளி விட்டு வந்தபோது கூடம் நிறைய ஆட்கள். படிக்கட்டு வரை அடைத்துக்கொண்டு நின்றார்கள். வழி கேட்க அவளுக்குக் கூச்சமா, அல்லது சாவு வீட்டில் வழி கேட்பது தப்பென்று நினைத்தாளா, தெரியாது. சுவரோரமாக நின்றுவிட்டாள். அவளிடம் இருந்தது ஒரே கோட்டு, அது கறுப்பு. மில் முதலாளியின் மனைவி அவளை யாரோ வெளியூர்ச் சொந்தம் என்று நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசிவரை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் யாரும் வாயை மூடமாட்டார்கள். "போய்ச் சேந்தாரே, அதுவே புண்ணியம்." "மனச தளர விடாத." "என் கொழுந்தனுக்கும் இதே வியாதிதான்." எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஹில்லா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்த அம்மாள் நன்றி சொல்ல வந்தாள். "அந்த உசரமான பொண்ணு யாரு, எஞ்சா? அவ ஒருத்திதான் எனக்கு ஆறுதல் சொல்லல. எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

இது ஊருக்குள் பரவியது. அடுத்து வந்த குடும்பம் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, பூவைத் தேர்ந்தெடுத்து, பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டது: "அந்தப் பொண்ணும் வருமா?" பள்ளி இருக்கிறது என்றேன். அஞ்சலியை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

நான் ஹில்லாவிடம், "உனக்குப் பிடிக்கலைன்னா பின்பக்கமா ஏணி வச்சுத் தரேன்," என்றேன்.

"பரவால்ல, நான் நிக்கிறேன்," என்றாள். "அவங்களுக்குக் கையப் பிடிச்சுக்கணும்போல இருக்கு. எனக்குக் கை சும்மாதான இருக்கு?"

விஷயம் லோபியாங்கோவின் காதுக்குப் போய் அவர் ஓடி வந்தார். என் சமையலறையில் உட்கார்ந்து, எங்கள் பக்கத்துக் காரமில்லாத வறுத்த மிளகாயை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டே கண்டித்தார்.

"வெளிநாட்டுப் பிள்ளைங்க வேலை செய்யக்கூடாதுன்னு விதி இருக்கு, ஜெரார்தோ. சங்கத்துப் பேரு கெட்டுடும்."

"நான் வேலை செய்யல," என்றாள் ஹில்லா.

"அப்ப கீழ என்னம்மா பண்றே?"

"நிக்கிறேன்."

"எதுக்கு நிக்கிறே?"

"நீ எதுக்குச் சங்கத்துல இருக்கே?"

லோபியாங்கோ யோசித்தார். இன்னொரு மிளகாயை எடுத்துக்கொண்டார். நிற்பதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை என்று கிளம்பும்போது ஒத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் முதியோர் இல்லத்தில் தன்கிரேதி என்ற கிழவர் இறந்தார். முன்பு ரயில்வே கேட் காவலராக இருந்தவர், வேறு மாவட்டத்துக்காரர். சொந்தம் என்று யாரும் இல்லை. இப்படிப்பட்டவர்களை நகராட்சி செலவில் ஜெரார்தோதான் அடக்கம் செய்வார். அன்று பெட்டி தூக்கும் ஆட்கள் அத்தனை பேருக்கும் காய்ச்சல். ஊரே இருமிக்கொண்டிருந்தது.

ஹில்லா பள்ளி விட்டு வந்தபோது கூடத்தில் பெட்டி மட்டும் இருந்தது.

"எல்லாரும் எப்ப வருவாங்க?" என்றாள்.

"யாரும் வரமாட்டாங்க," என்றார் ஜெரார்தோ. "தோன் மிமி இருப்பாரு. நான் இருக்கேன். தூக்கத்தான் ஆள் இல்ல. தள்ளுவண்டி கிடைக்குதான்னு பாக்கணும்."

ஹில்லா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "இந்த ஆளை எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் படத்துல லோபியாங்கோ பக்கத்துல இருந்தாரு. கையில கேக்கு."

அவள் கோட்டைக் கழற்றாமலே திரும்பி நடந்தாள். எங்கே போகிறாள் என்று புரிந்ததும் நானும் பின்னால் ஓடினேன்.

அன்று வியாழக்கிழமை, சங்கத்தின் மதிய விருந்து. உணவகத்தின் பின்னறையில் சதுக்கத்துப் பெஞ்சுக்குப் பெயர்ப்பலகை வைப்பது பற்றி விவாதம். யார் பெயர் மேலே வரவேண்டும் என்பதில் முடிவு ஏற்படாமல் இரண்டாவது வருஷமாக அது நடந்துகொண்டிருந்தது. ஒரெக்கியெத்தே பாஸ்தா அப்போதுதான் மேசைக்கு வந்து ஆவி பறந்தது. ஹில்லா தலைவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"தன்கிரேதி செத்துட்டாரு. நீ அவருக்குக் கேக் குடுத்திருக்கே. இப்ப அவரைத் தூக்கணும். ஆள் பத்தல."

மேசைக்குக் கீழே சாவிகள் உரசும் சத்தம் கேட்டது.

"வரோம்மா, கண்டிப்பா வரோம்," என்றார் லோபியாங்கோ. "சாப்பிட்டு முடிச்சுடறோமே?"

"சரி," என்றாள். அங்கேயே நின்றாள்.

முறைக்கவில்லை, கோபப்படவில்லை, கூடத்தில் நிற்பதுபோலவே நின்றாள். நோட்டரி ஒரு வாய் எடுத்து வைத்து, மென்றுகொண்டே இருந்தார். யாரோ தண்ணீர் குடித்தார்கள். "இதுக்கு மேல எனக்கு இறங்காது," என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் நாப்கினை மடித்து வைத்தார்கள்.

பெட்டியை நான்கு பேர் தூக்கினார்கள்: ஜெரார்தோ, நோட்டரி, மருந்துக்கடைக்காரர், லோபியாங்கோ. லோபியாங்கோ குள்ளம் என்பதால் பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது. தன்கிரேதியின் பாரம் பெரும்பாலும் அவர் மேல்தான் இறங்கியிருக்கும். சாவியைத் தொட ஒரு கை ஒழியவில்லை. மற்ற உறுப்பினர்கள் பின்னால் நடந்தார்கள். சங்கமே திரண்டு வருவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் எந்தப் பெரிய மனிதர் போய்விட்டார் என்று கேட்டுக்கொண்டு மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்கினார்கள்.

கல்லறையில் தோன் மிமி ஜெபத்தை முடித்தார். பிறகு யாராவது இறந்தவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வது வழக்கம். எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். பேச்சு அவருக்குக் கைவந்த கலை.

"நமது சங்கம் என்றுமே..." என்று தொடங்கி, மூச்சு வாங்கி, நிறுத்தினார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேடைக் குரலை விட்டு, வீட்டில் பேசுவதுபோலச் சொன்னார்:

"இவருக்குக் கீழ்ப் பல்செட்டு நான்தான் பண்ணிக் குடுத்தேன். லூசா இருக்கு, லூசா இருக்குன்னு வந்துக்கிட்டே இருப்பாரு. பாத்தா கச்சிதமா பொருந்தியிருக்கும். நானும் எதையோ தேய்க்கிற மாதிரி பண்ணிட்டு அனுப்பிடுவேன். உக்காந்ததும் ரயிலைப் பத்திப் பேசுவாரு. வாயில கருவிய வச்சிடுவேன். அப்புறம் எப்படிப் பேசுறது?"

அவர் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. ஹில்லா பக்கத்தில் போய் நின்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

உணவகத்துக்குத் திரும்பியபோது ஒரெக்கியெத்தே ஆறிப்போயிருந்தது. முதலாளி வாணலியில் போட்டுச் சூடாக்கிக் கொடுத்தார். அப்படித்தான் ருசி அதிகம் என்று நோட்டரி சொன்னார். ஹில்லா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அடுத்த கூட்டத்தில், யாருமில்லாமல் இறப்பவர்களின் அடக்கத்துக்குச் சங்கம் போகும் என்று தீர்மானம் வந்தது. ஒருவரும் எதிர்க்கவில்லை. சங்கக் கொடியை எடுத்துப் போகலாமா, படம் எடுத்துச் சங்க இதழில் போடலாமா என்றுதான் சண்டை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தன் முகம் அச்சில் வர யாருக்கும் தைரியம் இல்லை என்று தெரிந்ததும், எளிமையே சிறந்தது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். சங்கம் படம் எடுக்காமல் செய்கிற ஒரே சேவை அதுதான்.

ஈஸ்டருக்குப் பிறகு ஹில்லா வேறு வீட்டுக்கு மாறவேண்டும். லோபியாங்கோ தன் வீட்டில் அறைக்கு வண்ணமே அடித்து வைத்திருந்தார். அவள் போய்ப் பார்த்தாள்.

"நல்ல அறை," என்றாள். "நீ நல்ல மனுஷன். நான் எஞ்சா வீட்டுலயே இருக்கேன்."

அவர் இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை.

ஜூனில் அவளை அழைத்துப்போக அவள் அப்பா வந்தார். வாசலில் குனிந்து நுழைந்தார். அவருக்கு எங்கள் மொழி தெரியாது, எங்களுக்கு அவர் மொழி தெரியாது, ஹில்லா விடைபெற வீடு வீடாகப் போயிருந்தாள். ஜெரார்தோவும் அவரும் பால்கனியில் ஆளுக்கொரு கிளாஸ் ஒயினோடு உட்கார்ந்தார்கள். எதிர் மலையில் வெளிச்சம் மறையும்வரை அவர்கள் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் மேசை போட்டபோது ஜெரார்தோ உள்ளே வந்தார்.

"தங்கமான ஆளு," என்றார். "எல்லாத்தையும் பேசியாச்சு."

மறுநாள் பேருந்து நிலையத்துக்கு மில் முதலாளியின் மனைவி பாலாடைக் கட்டியோடு வந்திருந்தாள். லோபியாங்கோ பல் தேய்க்கும் பிரஷ்கள் ஒரு பெட்டி கொடுத்தார். ஹில்லா என்னைக் கட்டிக்கொண்டபோது என் மூக்கு அவள் கோட்டுப் பொத்தானில்தான் இடித்தது. ஜூன் மாத வெயிலில் எதற்கு அந்தக் கோட்டு என்று கேட்டேன்.

"பெட்டியில இடம் இல்ல. பூரா மிளகாய்," என்றாள்.

பேருந்து கிளம்பியது. ஜெரார்தோ இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்றார். நின்றோம்.