தூண் நின்ற இடம்

வீடியோக்காரன் ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை போட்ட மாலையைக் கழற்றித் திரும்பவும் போடுவார். நம்மவர் கலியாணங்களில் ஐயரைவிட அதிகாரம் அவனுக்குத்தான். அப்படியிருக்க ஓர் இரும்புத் தூண் எம்மாத்திரம்?

டென்மார்க்கின் இஷொய்யில் பழைய களஞ்சியம் ஒன்றை வாங்கி மண்டபமாக்கியிருந்தார் தவராஜா. மணவறைக்கு எதிரே நூற்றைம்பது பேர் இருக்கக்கூடிய மேல்மாடம். அதன் முன் விளிம்பைப் பன்னிரண்டு மீற்றர் நீள இரும்பு உத்தரம் தாங்கியது. உத்தரத்தின் நடுவில், வெள்ளை பூசி, பிளாஸ்ரிக் பூக்கொடி சுற்றிய ஒல்லித் தூண் ஒன்று நின்றது.

"பொம்பிளை மாப்பிள்ளைக்கு நடுவாலை வெட்டுது அண்ணை," என்றான் வீடியோக்காரன் சுஜன்.

தவராஜா அதைப் படமெடுத்து, கோப்பன்ஹேகனில் கட்டடப் பொறியியலாளராக இருக்கும் தமையன் மகள் துவாரகாவுக்கு அனுப்பி, எடுக்கலாமோ என்று கேட்டார். அவருடைய மகள் சாருஜாவின் கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. துவாரகா ரயிலில் நெரிபட்டுக்கொண்டு, இரண்டு விரல் அகலப் படத்தைப் பார்த்துவிட்டுக் குரல் செய்தி அனுப்பினாள்: "மழைத்தண்ணிக் குழாய் போலக் கிடக்கு சித்தப்பா. எடுக்கலாம்."

வேலையிடத்தில் மூன்று பேர் சரிபார்க்காமல் ஒரு கணக்கிலும் கையெழுத்து வைக்காதவள் அவள். சொந்தக்காரருக்கு என்றால் மட்டும் ஒரு ஸ்ரேஷன் தூரத்துக்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவாள். நம்மில் படித்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தானே!

கலியாணத்தன்று காலை பத்தரைக்கு மண்டபத்துக்குள் நுழைந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். தூண் இல்லை. அது நின்ற இடத்தில், உத்தரத்தின் அடியில், அறுத்த இரும்பின் நான்கு போல்ட்டுகள் மிஞ்சியிருந்தன. மழைத்தண்ணிக் குழாயை யாரும் நான்கு போல்ட் போட்டு உத்தரத்தில் இறுக்குவதில்லை.

அழைப்பிதழைத் திருப்பி, பின்பக்கத்தில் வளைவுத் திருப்புதிறன் வரைபடத்தைக் கீறினாள். உத்தரம் எந்த இடத்தில் எவ்வளவு வளைக்கப்படுகிறது என்று காட்டும் படம் அது. தூண் இருந்தபோது இரண்டு சின்ன மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும். இப்போது ஒரே மலை, அந்தப் பள்ளத்தின் ஆழத்தைப்போல நான்கு மடங்கு உயரம். நடுவில் உத்தரம் எந்தப் பக்கமும் சரியவில்லை. ஆகவே பாதி மலையின் பரப்பை எடுத்து, அதன் மையம் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பெருக்கி, இரும்பின் விறைப்பால் வகுத்தால் தொய்வு வந்துவிடும். வெறும் மாடத்துக்கே முப்பத்தொரு மில்லிமீற்றர். நூறு பேர் கைப்பிடிக் கம்பியோடு வந்து நின்றால் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்கு மேல். ஆனால் அவ்வளவு தூரம் வர முன்னமே இரும்பு தன் பலத்தைக் கடந்துவிடும்.

மேலே முதல் வரிசையில், வடிவாகத் தெரியும் என்று, அவளுடைய அம்மா புஷ்பராணி இருந்தாள்.

"சித்தப்பா, மேலை ஆக்களை இறக்குங்கோ. அது தாங்கிற தூண்."

தவராஜாவின் முகம் கறுத்தது. "நீதானே பிள்ளை எடுக்கலாம் எண்டனி?"

"ஓம். பிழையாச் சொல்லிட்டன்."

"தாலி கட்டிற நேரத்திலை இதென்ன கதை? ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்? எல்லாரும் கதிரையிலைதானே இருக்கினம். எழும்ப வேண்டாம் எண்டு சொல்லிவிடுறன், போ."

கதிரையில் இருந்தால் பாரம் மாடம் முழுக்கப் பரவும். உத்தரம் ஒருவேளை தாங்கும். மைக் நாலு அடி தூரத்தில் இருந்தது. எடுத்துச் சொல்லியிருக்கலாம். என் பிழை, இறங்குங்கோ என்று மூன்றே வார்த்தை. சபையில் தலை குனிய வேண்டுமே என்ற வெட்கம் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

கெட்டிமேளம் கொட்டியது. எழும்ப வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் கேட்கப்போகிறார்கள்? தாலி ஏறும் நேரத்தில் கதிரையில் இருக்கும் தமிழர் உலகத்தில் எங்கே இருக்கிறார்கள்? மாடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழும்பிக் கம்பியடிக்கு வந்தார்கள். மணமக்கள்மேல் தூவக் கைநிறைய அறுகரிசியோடு அம்மாவும் வந்தாள்.

துவாரகா உத்தரத்தின் நேர் கீழே போய் நின்றாள். ஏன் அங்கே போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை. தலையில் அரிசி விழுந்தது. கூடவே வேறொன்றும் விழுந்தது. தோளில் தட்டி எடுத்துப் பார்த்தாள்: வெள்ளைப் பூச்சின் செதில்கள். மேலே இரும்பு இழுபட்டுத் தன் பூச்சை உதிர்த்துக்கொண்டிருந்தது. அது சத்தம் போட்டிருந்தாலும் மேளத்தில் கேட்டிருக்காது.

ஒரு நிமிடம். பிறகு எல்லோரும் சிரித்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

திங்கட்கிழமை அவள் தனியே வந்து, சுவருக்குச் சுவர் நூல் கட்டி அளந்தாள். வெறும் மாடம். முப்பத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு. அந்தப் பதினாறு மில்லிமீற்றர் இனி ஒருநாளும் திரும்பி வராது.

"விழேல்லைத்தானே," என்றார் பின்னால் வந்து நின்ற தவராஜா. கைபேசியில் வீடியோவைக் காட்டினார். "பார், தூண் இல்லாமல் எவ்வளவு வடிவாய் வந்திருக்கு. வாற சனி நித்தியானந்தன்ரை மகளுக்குச் சாமத்தியவீடு. இருநூறு பேர். பூட்டச் சொன்னியெண்டால் நீ எங்களுக்கு ஆருமில்லை."

துவாரகா வெளியே வந்து, குளிர்காற்றில் நின்றபடி கொம்யூன் எனும் நகரசபையின் கட்டடப் பகுதிக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக விலாசத்தைக் குறித்தாள், தூண் எடுத்ததையும் தொய்வையும் குறித்தாள், இன்றே ஆள் அனுப்பி மண்டபத்தைப் பூட்டுவதாகச் சொன்னாள். பிறகு டெனிஷில் சாதாரணமாகக் கேட்டாள், அந்தத் தூணை எடுக்கலாம் என்று சொன்ன பொறியியலாளர் யார் என்று.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சித்தப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான்," என்றாள் துவாரகா. அந்தப் பெண் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டாள். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.