நூல் பிடிக்கும் அறக்கட்டளை

அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்துக்குச் சற்று முன்னால், கீர்த்தனாவின் இடது சுண்டு விரல் நூலாகப் பிரியத் தொடங்கியது. வலியில்லை, ரத்தமில்லை. நுனியில் பிசிர்போல ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த சித்ராதேவிக்குக் கை சும்மா இருக்குமா? நறுக்கென்று வெட்டிவிட்டாள். பின்னலில் கண்டபடி வெட்டினால் கண்ணி கண்ணியாகப் பிரிந்து ஓடும் என்பது ஊருக்கே தெரியும். பாவி மகளுக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. விரல் மொத்தமும் கடகடவென்று பிரிந்து மடியில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கட்டுக்குள்ளேயே மணிக்கட்டு வரை பிரிந்துபோனது. பிரியாமலிருக்க ஓரத்தில் ஓவர்லாக் தையல் அடித்துவிடலாமா என்று கேட்ட சூப்பர்வைசர் மகுடேஸ்வரன் எல்லோரிடமும் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். கீர்த்தனாவின் அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று கேள்விப்பட்டு முதலாளியம்மா ரங்காத்தாள் அவள் தங்கியிருந்த கம்பெனி விடுதிக்கே ஓடிவந்தார். நல்ல மனுஷி, குறை சொல்லக்கூடாது. "நடந்தது நடந்து போச்சு கண்ணு, மனசத் தேத்திக்கோணும்" என்றார். அந்தச் சொல்லுக்கே முழங்கை காணாமல் போயிற்று.

சித்ராதேவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூல் முனையை இறுகப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். "எல்லாம் சரியாயிரும்ட்டி" என்று அவளும் உளறினாள். தோள் வரை ஓடியது. இனி அடுத்தது நெஞ்சுதான். பயத்தில் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கீர்த்தனா பேசினாள். "எங்கம்மை சாவுற அன்னைக்கு விடாம போன் அடிச்சா, அக்கா. ஷிப்மென்ட் போவுதுன்னு நான் கட் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

நீ என்ன செய்வே என்று வந்த சொல்லைச் சித்ராதேவி விழுங்கினாள். "ம்" என்றாள். "பொறவு?"

உள்ளங்கையிலிருந்த நூல் மெல்ல உள்ளே இழுபட்டது. கீர்த்தனா சொல்லச் சொல்ல, அழ அழ, கை வரிவரியாகப் பின்னிக்கொண்டு வந்தது. சித்ராதேவியும் சேர்ந்து அழுதாள். அன்று வெட்டிய விரல் நுனி மட்டும் வேஸ்ட் மூட்டையோடு போய்விட்டதால் திரும்பவில்லை.

விஷயம் பரவியது. சாயப்பட்டறை ராக்கையா பிரிந்த காதுமடலோடு வந்தார். சோமனூரிலிருந்து தறிக்காரர்கள் வந்தார்கள். பீகார்ப் பையன்கள் இந்தியில் சொன்னார்கள். அவர்களுக்கும் சித்ராதேவியின் "ம்" போதுமானதாக இருந்தது. ரங்காத்தாள் ஒரு பழைய குடோனை ஒழித்துக் கொடுத்து, அறக்கட்டளையாகப் பதிவும் செய்தார். பதிவில் 'ஆலோசனை மையம்' என்றிருக்கிறது. ஆலோசனை சொல்வதுதான் அங்கே கூடவே கூடாது.

போன ஆடியில் சித்ராதேவியின் குதிகால் பிரிந்தது. விட்டுப்போன புருஷனைப் பற்றி அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை. நூல் முனையைக் கீர்த்தனாவிடம் நீட்டிவிட்டு, "கொஞ்சம் நேரமாகும்ட்டி, டீ சொல்லிரு" என்றாள்.