பதின்மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு மெயில்

நாரணாபுரம் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாரிசெல்விக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் சொந்தமாக ஒரு மெயில் முகவரி கிடைத்தது. முருகேஸ்வரி டீச்சர் கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்காரவைத்து, முகவரி எங்கே, பொருள் எங்கே, படம் இணைப்பது எப்படி என்று காட்டிக்கொடுத்தார்.

"யாருக்காச்சும் ஒரு மெயில் அனுப்புங்க. சும்மா ஹாய்னு போடக் கூடாது. காரியம் இருக்கணும்."

எல்லோரும் டீச்சருக்கே லீவு லெட்டர் எழுதினார்கள். காளீஸ்வரன் வராத காய்ச்சலுக்கு மூன்று நாள் கேட்டிருந்தான். மாரிசெல்விக்கு அது பிடிக்கவில்லை. யோசனையோடு கணக்கு நோட்டைத் திருப்பினாள். பின்னட்டையில் வாய்ப்பாடு, அதன் கீழே சிவகாசி அச்சகம் ஒன்றின் மெயில் முகவரி. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் 13 × 7 = 81 என்று இருந்தது. அதை நம்பிப் படித்துத்தான் போன பரீட்சையில் இரண்டு மார்க்கைக் கோட்டைவிட்டிருந்தாள்.

விறுவிறுவென்று தட்டினாள். 'ஐயா, உங்கள் நோட்டில் 13 × 7 தப்பாக இருக்கிறது. 91 என்று வர வேண்டும். படம் இணைத்துள்ளேன்.' அனுப்பியும்விட்டாள்.

திங்கட்கிழமை பதில் வந்திருந்தது. 'படம் எதுவும் வரவில்லையே அம்மா? எந்த நோட்டு? ரத்தினசாமி, மேலாளர்.'

பக்கத்தில் இருந்த பத்திரகாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏ புள்ள, இணைக்காமலே இணைச்சிருக்கேன்னு அனுப்பிட்டியா!"

மாரிசெல்விக்கு முகமெல்லாம் சூடேறியது. டீச்சரோ, "நானே எத்தன தடவ அப்படி அனுப்பியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தன் போனில் அட்டையைப் படம் எடுத்துக் கொடுத்தார். இந்த முறை படம் ஏறிவிட்டதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

மறுநாள் வந்த பதிலை டீச்சர் வகுப்புக்கே வாசித்துக் காட்டினார். அடுத்த ஆர்டருக்கு முப்பதாயிரம் அட்டை அன்று மெஷினில் ஏற இருந்ததாம். நிறுத்திவிட்டார்களாம். 'நாங்கள் நான்கு பேர் பார்த்தும் கண்ணில் படவில்லை. புது அட்டையை இணைத்திருக்கிறேன். மற்ற வாய்ப்பாடுகளையும் பார்த்துச் சொல்ல முடியுமா?'

கம்ப்யூட்டருக்கு ஒரு வாய்ப்பாடு என்று பிரித்துக்கொண்டார்கள். வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. காளீஸ்வரன் பெஞ்சை விட்டுத் துள்ளி எழுந்தான். "டீச்சர்! பதினேழு எட்டு நூத்தி முப்பத்தாறுல்லா? இவுக நூத்தி அறுபத்திமூணுன்னு போட்டிருக்காக!"

"ஏலே, ஒனக்குக் காய்ச்சல்னு எழுதியிருந்தியே?" என்றார் டீச்சர். வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மாரிசெல்வி பதில் எழுதினாள். கண்டுபிடித்தவன் பெயரையும் மறக்காமல் போட்டாள்.

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேலை முடிந்து வந்த அம்மா வேலுத்தாயிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நம்பவில்லை.

"அம்புட்டுப் பெரிய மனுசர் ஒன்னயவா கேட்டாக?"

அம்மாவின் போனிலேயே மெயிலைத் திறந்து வாசித்துக் காட்டினாள். வேலுத்தாய் முகம் கழுவக்கூட எழுந்திருக்காமல் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எம் பேருலயும் ஒண்ணு போட்டுத் தாறியா? நீ எழுதுனா எனக்கும் வரும்ல?"

மாரிசெல்வி அங்கேயே தொடங்கிவிட்டாள். "பாஸ்வேர்டு என்ன வைக்கம்மா? யாருக்கும் தெரியக் கூடாது."

வேலுத்தாய் ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்த ரகசியப் பாஸ்வேர்டைத் தெருவுக்கே கேட்கும்படி கணீரென்று சொன்னாள்.