மேல் தட்டில் வெந்த ரொட்டி

எங்கள் பேக்கரியில் மச்சான் பிசைந்த ரொட்டியைவிட என் ரொட்டிதான் நன்றாக உப்பும் என்று பத்து வருடமாக மார்தட்டிக்கொண்டிருந்தேன். புள்ளியியல் படித்த என் மனைவிக்கு அது பொறுக்கவில்லை.

"அடுப்புல உங்களுக்கு எப்பவும் மேல் தட்டு, என் தம்பிக்குக் கீழ் தட்டு. இதெல்லாம் ஒரு போட்டியா? ஒவ்வொரு தட்டுலயும் ரெண்டு பேரோடதும் பாதிப் பாதி வைங்க. எந்தப் பக்கம் யாருக்குன்னு காசு சுண்டிப் பார்த்துக்கலாம்."

ஒரு வாரம் அளவுகோலும் கையுமாக நின்றாள். ஒரே தட்டில் வெந்த எங்கள் இருவர் ரொட்டியும் ஒரே உயரம்தான். யார் பிசைந்தாலும் மேல் தட்டு ரொட்டியே அதிகம் உப்பியது.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கெஞ்சினேன். "உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"சொல்லிட்டேனே. மேல் தட்டைப் பிடிக்க அப்பவே பேக்கரிக்கு ஓடிட்டான்."

செருப்பைக்கூட மாட்டாமல் நானும் ஓடினேன்.