கொடிக்காரி

கொடி நனைந்து ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. யான்னா அதைப் பிழிந்து உதறிக்கொண்டு கோட்டோரம் தன் இடத்துக்கு நடந்தாள். இரண்டாம் பாதி தொடங்கப்போகிறது. தூறல் நிற்பதாக இல்லை. இடது முழங்கால் ஈரத்துக்கு முனகியது. அந்தக் கால்தான் அவளை ஆட்டக்காரியிலிருந்து கொடிக்காரி ஆக்கியது. இதே இரண்டாம் மைதானத்தில், இதே வாய்க்கால் பக்கம், உள்ளே ஏதோ கயிறு அறுந்தாற்போல் இருந்தது, விழுந்தாள். வேலைக்குப் போகலாம், பந்துக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். வேலை என்றால் வெங்காயக் கொட்டகையில் வெங்காயம் ஓடிவரும் பெல்ட் முன்னால் நாள் முழுக்க நிற்பது. நிற்க முடியும். பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரவும் முடியும். அதற்குமேல் கொடி பிடிக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும் என்று கம்பை அவள் கையில் திணித்துவிட்டார்கள்.

வெஸ்ட்ஹூக் ஊர்க் கிளப்பின் முதல் மைதானம் ஆண்களுக்கு. அதற்கு விளக்கு உண்டு, கூரை போட்ட படிக்கட்டு உண்டு. பெண்களுக்கு இரண்டாம் மைதானம். ஒரு பக்கம் பாசி மூடிய வாய்க்கால், மறுபக்கம் உருளைக்கிழங்கு வயல். பந்து வாய்க்காலில் விழுந்தால் அள்ளுவதற்கு நீளக் கம்பில் வலை கட்டி வேலியில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பெண்கள் லீக்கின் நான்காம் வகுப்பு ஆட்டத்துக்குக் கால்பந்துச் சங்கம் ஒரே ஒரு நடுவரைத்தான் அனுப்பும். கோட்டோரம் கொடி பிடிக்க ஒவ்வொரு கிளப்பும் தன் ஆளையே நிறுத்திக்கொள்ள வேண்டும். அவரவர் கோல் இருக்கிற பாதியை அவரவர் ஆள் பார்த்துக்கொள்வார். பந்து உதைபடுகிற நொடியில் எதிராளி நம் கடைசித் தடுப்பாட்டக்காரியைத் தாண்டி நின்றால் கொடி ஏற வேண்டும். ஏறினால் ஆஃப்சைட், அதன்பிறகு கோல் விழுந்தாலும் செல்லாது.

சட்டம் அவ்வளவுதான். வழக்கம் வேறு. சந்தேகம் இருந்தால் கொடி ஏறும். சந்தேகமே இல்லாவிட்டாலும், ஆபத்து என்றால் ஏறும். இந்தத் தீவில் எந்த ஊருக்குப் போனாலும் இதுதான். நடுவர்களுக்கும் தெரியும். சிலதைக் கண்டுகொள்வார்கள், சிலதை விட்டுவிடுவார்கள். இதை யாரும் பொய் என்று சொன்னதில்லை. ‘ஊருக்குக் கை கொடுக்கிறது’ என்பார்கள். யான்னா இந்தப் பருவம் முழுக்க ஊருக்குத் தாராளமாகவே கை கொடுத்திருந்தாள். பயிற்சியாளர் ரினுஸ் அவளைப் பன்னிரண்டாவது ஆள் என்றுதான் கூப்பிடுவார். மாட்டுப் பண்ணைக்காரர். குரல் அணைக்கரைக்கு அந்தப் பக்கமும் கேட்கும்.

“பன்னெண்டாவது ஆளே! கை வலிக்குதுன்னு சொல்லிடாத. இன்னும் ஒரு பாதி இருக்கு!”

“கை நல்லாத்தான் இருக்கு. நீ உன் வாயைக் கொஞ்சம் மூடு, பந்தே பயந்து ஓடுது.”

ஆளுக்கொரு கோல் என்ற கணக்கில் ஆட்டம் நின்றது. பருவத்தின் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே போதும், வெஸ்ட்ஹூக் பெண்கள் நான்காம் வகுப்பில் நீடிப்பார்கள். தோற்றால் ஐந்தாம் வகுப்பு. ஆண்களுக்கு வகுப்பு இறங்குவது என்றால் பக்கத்து ஊர்க்காரனின் கேலியைக் கொஞ்ச நாள் தாங்குவது, அவ்வளவுதான். பெண்கள் குழுக்கள் குறைவு. கீழே போகப்போக ஊருக்கும் ஊருக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போகும். சனிக்கிழமை முழுக்கக் காரில் உட்கார்ந்திருக்க எவளும் வரமாட்டாள். நல்ல ஆட்டக்காரிகள் இருவர் கிளம்பிவிடுவதாக ஏற்கெனவே சொல்லியாயிற்று. கிளப் நிர்வாகமும் முடிவெடுத்துவிட்டது: இறங்கினால் அடுத்த பருவம் கால்டைக் ஊர்க்காரிகளோடு சேர்ந்து ஒரே கூட்டுக் குழு. கால்டைக்கில் கோல் காக்க ஒரு பெண் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தை இப்போதுதான் முடித்தவள், கம்பம் மாதிரி உயரம். இரண்டு கோல்காரிக்கு இடமில்லை.

அதாவது இங்கே கோல் காக்கிற யொலாண்டாவுக்கு இடமில்லை. பெல்ட்டில் யான்னாவுக்கு எதிரே நின்று அழுகல் வெங்காயம் பொறுக்குகிறவள். சேர்ந்து வேலைக்கு வந்தவர்கள், சேர்ந்தே இந்தக் குழுவுக்கும் வந்தவர்கள். அப்போது பெண்களுக்குத் துணி மாற்ற அறை கிடையாது. கோடு போடும் சுண்ணாம்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்று மாற்றுவார்கள். யொலாண்டாவின் புருஷன் போய்விட்டான், மகள் நகரத்துக்குப் போய்விட்டாள், இடுப்பு தடித்துவிட்டது. ஆனால் சனிக்கிழமை அந்தக் கையுறையை மாட்டியதும் அவள் கழுத்து நிமிர்வதைப் பார்க்க வேண்டும். காலையில் மைதானத்துக்கு வரும்போது ஒன்றுதான் சொன்னாள்: “ஏய், எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் போதும்டி. அப்புறம் நானே போயிடறேன். எவளும் என்னைப் போன்னு சொல்லக் கூடாது.”

எதிர்க்குழு டாம்வீர் என்கிற துறைமுக ஊரிலிருந்து வந்தது. அவர்களில் ஒரு பெண்ணை முதல் பாதியிலேயே யான்னா கவனித்துவிட்டாள். ஃபென்னா என்று கூப்பிட்டார்கள். சின்ன உருவம், மணிக்கட்டு வரை இழுத்துவிட்ட சட்டைக் கை, தூங்கி எழுந்து வந்த முகம். ஓடத் தொடங்கினால்தான் ஆள் தெரியும். அவள் ஓட்டத்தில் ஏதோ விசித்திரம் இருந்தது. வேகமாக ஓடுகிறவர்கள் முந்திக்கொண்டு கிளம்புவார்கள், அதனால்தான் மாட்டுவார்கள். இவள் தாமதமாகக் கிளம்பினாள். பந்து உதைபட்ட பிறகு, ‘ஐயோ, மறந்துட்டேனே’ என்கிற மாதிரி ஒரு சின்னத் தயக்கம். அப்புறம் ஓட்டம். யான்னா முதல் பாதியில் இரண்டு முறை கொடியை ஏற்றினாள். இரண்டுமே சுத்தமான ஓட்டங்கள். நடுவர் இரண்டுக்கும் விசில் ஊதினார். ஃபென்னா முகம் சுளிக்கவில்லை, கத்தவில்லை. திரும்பி நடந்து தன் இடத்தில் நின்றுகொண்டாள். அதுதான் யான்னாவை உறுத்தியது. ஏன் இவள் கத்தவில்லை? யான்னாவாக இருந்தால் கொடிக்காரியின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். வெஸ்ட்ஹூக்காரிகள் களைத்துப் பந்தைக் கண்ட பக்கம் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுக்கோட்டருகே டாம்வீர்காரி ஒருத்திக்குப் பந்து கிடைத்தது. அவள் தலை தூக்கினாள். யான்னாவின் கண் பந்தை விட்டு ஃபென்னாவிடம் போனது. இப்போது என்ன செய்வாள்?

ஃபென்னா நின்றாள். கடைசித் தடுப்பாட்டக்காரியின் தோளுக்குத் தோள், ஒரு விரல்கடை முன்னாலும் இல்லை. பந்து உதைபட்டது. அதே தயக்கம். யான்னாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது, அது தயக்கமே இல்லை. அந்த இடைவெளியில் அவள் எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றுகிறாள். தடுப்பாட்டக்காரி அவள் வலது பக்கம் போவாள் என்று சாய்கிறாள். இவள் மறுபக்கம் வழுக்கிக்கொண்டு போகிறாள். பத்து வருஷம் பின்வரிசையில் ஆடிய யான்னா இப்படியொரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. தன்னால் இதைத் தடுத்திருக்க முடியுமா, எந்தக் காலை ஊன்றியிருக்க வேண்டும் என்று உடம்பு தானாகக் கணக்குப் போட்டது. வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மற்றவர்கள் வேறொன்று செய்தார்கள். வெஸ்ட்ஹூக் தடுப்பாட்டக்காரிகள் நால்வரும் நின்று, வழக்கம்போல் கையைத் தூக்கினார்கள். யொலாண்டாவும் கோல் முன்னால் நின்றவாக்கில் வலது கையுறையைத் தூக்கி, “கொடி!” என்று கத்தினாள். பருவம் முழுக்க இந்த இடத்தில் கொடி ஏறியிருக்கிறது. இப்போதும் ஏறும். யாரும் கோட்டோரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபென்னா மட்டும் பார்த்தாள். ஓடுகிற ஓட்டத்தில் ஒரு நொடி யான்னாவைப் பார்த்தாள். கொடி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. பிறகு பந்தை உள்பாதத்தால் மெல்லத் தட்டிவிட்டாள். பந்து ஈரப் புல்லில் நடந்துபோகிற வேகத்தில் உருண்டு, ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற யொலாண்டாவைத் தாண்டி, உள்ளே போனது.

நடுவர் யான்னாவைப் பார்த்தார். புருவம் ஏறியது. இப்போதுகூடக் கொடியைத் தூக்கலாம். தூக்கினால் அவர் ஊதியிருப்பார். யான்னா தூக்கவில்லை. நடுவர் கோலுக்கு விசில் ஊதினார். கொஞ்ச நேரத்தில் முடிவு விசிலும் ஊதினார்.

கான்டீனில் ஈரச் சட்டை நாற்றமும் எண்ணெய் நாற்றமும் கலந்திருந்தன. தட்டில் பிட்டர்பால் என்கிற பொரித்த இறைச்சி உருண்டைகள் கடுகுக் குழம்போடு வந்தன. யாரும் தொடவில்லை. ரினுஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் பேசாமல் நிற்பது எல்லோருக்கும் பயமாக இருந்தது. யான்னா எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் ஒருத்தியின் பை இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

கடைசியில் யொலாண்டாதான் எழுந்து வந்தாள். தலையைத் துவட்டிய துண்டு தோளில் கிடந்தது. கால்சட்டைகூட மாற்றவில்லை.

“அவ தாண்டி நின்னாளா?”

“இல்ல.”

“அது எனக்கும் தெரியும். முதல் பாதியிலயும் நிக்கல. அப்ப மட்டும் உன் கை ஏறுச்சே.”

“ஏறுச்சு.”

“இப்ப என்ன வந்துச்சு? மனசாட்சியா? சர்ச்சுல கேட்டியா?”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

“மனசாட்சியெல்லாம் இல்லடி,” என்றாள் யான்னா. பொய் சொல்லத் தோன்றவில்லை, நிஜம் இன்னதென்றும் விளங்கவில்லை. “நான் பாத்துட்டு இருந்தேன்.”

“என்னத்தை?”

“அவ ஓடறதை.”

யொலாண்டா அவளையே முறைத்தாள். “பாத்துட்டு இருந்தியா. நான் அங்க ஒத்தக் கையைத் தூக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கறவ மாதிரி நிக்கறேன். நீ வேடிக்கை பாத்துட்டு இருந்தியா.”

“நடுவர் என்னைப் பாத்தப்பவாவது தூக்கியிருக்கலாம். அது தெரியுது. ஏன் தூக்கலன்னுதான் எனக்கும் தெரியல.”

அப்போது டாம்வீர்காரிகளின் மேஜையிலிருந்து ஃபென்னா எழுந்து வந்தாள். கையில் இரண்டு பியர். ஜெயித்த குழு கொடிக்காரருக்கு வாங்கிக் கொடுப்பது எந்த ஊரிலும் வழக்கமில்லை. கான்டீனே திரும்பிப் பார்த்தது.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?”

“நீங்கன்னு சொல்லாத, கிழவியாயிடுவேன். கேளு.”

“ஏன் தூக்கல?”

“எல்லாரும் இதையே கேளுங்க,” என்றாள் யான்னா. “நீ ஏன் என்னைப் பாத்த?”

ஃபென்னா தோளைக் குலுக்கினாள். “நான் எப்பவும் பாப்பேன். ஏறும்னு தெரியும், எப்ப ஏறுதுன்னு பாப்பேன். நான் ஓடுனா எல்லா ஊர்லயும் கொடி ஏறும். முன்ன சீக்கிரம் கிளம்புவேன், ஏறும். சரி, லேட்டாக் கிளம்பலாம்னு பழகினேன். அப்பவும் ஏறுச்சு. இந்த வருஷம் இந்த மாதிரி ஓடிப் போட்டதுல செல்லுபடியான கோல் இது ஒண்ணுதான். அதான்… உதைக்கறதா வேண்டாமான்னே தெரியல. மெதுவாத்தான் போச்சு, இல்ல?” அவள் யொலாண்டாவைப் பார்த்தாள். “நீங்க கையைத் தூக்காம இருந்திருந்தா பிடிச்சிருப்பீங்க.”

யொலாண்டாவின் முகம் சிவந்தது. திட்டப்போகிறாள் என்று யான்னா நினைத்தாள். பெல்ட்டில் மேற்பார்வையாளரையே திட்டுகிறவள். ஆனால் அவள் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள், தோல் நன்றாக இருந்தும் உள்ளே எப்படியோ என்று ஒரு வெங்காயத்தைப் புரட்டிப் பார்ப்பது மாதிரி.

“பிடிச்சிருப்பேனா?”

“பிடிச்சிருப்பீங்க. நினைக்கறேன்.”

“நினைக்கறியா. நான் என்ன நினைக்கறேன் தெரியுமா? எனக்கு ஒண்ணும் நினைக்கத் தெரியல. பிடிச்சிருப்பேனா மாட்டேனான்னு இனி சாகற வரைக்கும் படுக்கையில புரண்டு புரண்டு யோசிக்கணும். இதுதான் நான் வாங்கின கடைசி கோல். அதுல நான் கையைத் தூக்கிட்டு நின்னேன்.” துண்டை நாற்காலியில் எறிந்தாள். “வா வெளிய.”

“எதுக்கு?”

“மறுபடி ஓடு. அதே மாதிரி. இந்த வாட்டி உண்மையா உதை.”

“ஆட்டம் முடிஞ்சிடுச்சே,” என்றாள் ஃபென்னா.

“முடிஞ்சிடுச்சுன்னு எனக்கும் தெரியும். வர்றியா, பயமா?”

ஃபென்னா இரண்டு பியரையும் யான்னாவின் கையில் கொடுத்தாள். காலணியின் நாடாவைக் குனிந்து இறுக்கினாள். அவள் உதட்டோரத்தில் அன்று முதல்முறையாக ஒரு சிரிப்பு.

வெளியே தூறல் மெல்லிய சல்லாத் துணி மாதிரி ஆகியிருந்தது. மூலைக் கம்பங்களை யாரோ ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். யொலாண்டா கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டே கோல் பக்கம் நடந்தாள். யான்னா பியர்களோடு கோட்டோரம் போய் நின்றாள். இரண்டு குழுவும் ஜன்னலில் மூக்கை ஒட்டி நின்றது. பந்தை யார் கொடுப்பது என்று ஃபென்னா சுற்றிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. பிறகு கான்டீன் கதவு திறந்தது. ரினுஸ் வந்தார். வேலியோரம் கிடந்த பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய் நின்றார்.

“தடுக்கறதுக்கு ஆள் வேணுமே,” என்று யொலாண்டா கோல் முன்னாலிருந்து கத்தினாள். “யான்னா! அங்க என்ன மரம் மாதிரி நிக்கற? வந்து நில்லு!”

யான்னா இரண்டு பியரையும் புல்லில் வைத்தாள். நொண்டிக்கொண்டு உள்ளே போய், ஃபென்னாவின் தோளுக்குத் தோள் நின்றாள். அந்தப் பெண்ணின் உடம்பிலிருந்து ஆவி பறந்தது. மூச்சு சீராக இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் எதுவும் தெரியவில்லை, எடை எந்தக் காலில் இருக்கிறது என்றுகூட. யான்னா அவள் காலைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் திரும்பும் என்று இடுப்பைப் பார்த்தாள்.

தூரத்தில் ரினுஸ் ஓரடி பின்வாங்கினார். யொலாண்டா கோட்டை விட்டு முன்னால் வந்து முழங்காலை மடக்கினாள். இரண்டு கைகளும் தாழ்ந்து, விரல்கள் விரிந்து, மழைக்குள் காத்திருந்தன.